படம் வழியே நுழையும் தாக்குதல்: மீடியா கோப்புகளைக் கையாளப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜேபெக் படக் கோப்புக்குள் யாரும் எட்டிப் பார்க்காத ஓர் இடம் உண்டு. படத்தைத் திருத்தியவர் சிறு குறிப்பு ஏதாவது எழுதிவைக்கலாம் என்று ஒதுக்கிய இடம் அது. குறிப்பின் நீளத்தைச் சொல்ல, அதற்கு முன்னால் இரண்டு பைட்டில் ஓர் எண் இருக்கும். அந்த இரண்டு பைட்டையும் சேர்த்தே நீளத்தைக் கணக்கிட வேண்டும் என்பது விதி. ஆகவே குறிப்பே இல்லாவிட்டாலும் அங்கே 2 என்றாவது இருந்தாக வேண்டும். 0 வருவதற்கு வழியில்லை.

விண்டோஸில் படங்களைத் திறந்துகொண்டிருந்த நிரல் ஒன்று இந்த விதியை அப்படியே நம்பியது. எண்ணை எடுக்கும், 2-ஐக் கழிக்கும், மிச்சம் எத்தனையோ அத்தனை பைட்டை நினைவகத்தில் நகலெடுக்கும். ஒருவர் வேண்டுமென்றே அங்கே 0 என்று எழுதிவைத்தால் மைனஸ் 2 வரும். ஆனால் அந்தக் கணக்கில் எதிர்ம எண்ணுக்கு இடமில்லை. 32 பிட்டில் அதே விடை 4,29,49,67,294 என்று வாசிக்கப்படும். ஒரு வரிக் குறிப்புக்கான இடத்தில் நானூறு கோடிக்கும் மேற்பட்ட பைட்டுகளைக் கொட்டத் தொடங்கினால் அக்கம்பக்கத்து நினைவகமும் சேர்ந்து அழிகிறது. அடுத்து எந்தக் கட்டளையை இயக்க வேண்டும் என்று நிரல் குறித்துவைத்திருந்த முகவரியும் அங்கேதான் எங்கோ இருக்கும். அதன்மேல் தன் முகவரியை எழுதிவிட முடிந்தால் கணினி தாக்குபவர் கைக்குப் போய்விடும்.

2004 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் இதற்குத் திருத்தம் வெளியிட்டது. அத்துடன் தலைவலி தீரவில்லை. அதே நிரலின் பிரதியை ஆஃபீஸ் தொகுப்பும் வேறு பல மென்பொருள்களும் தங்களோடு எடுத்து வந்திருந்தன. விண்டோஸைச் சரிசெய்தவர்கள் அவற்றையும் தனித்தனியே தேடிப் பிடித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகள் கழித்தும் நிலைமை இதுதான். கோப்பைத் திறக்கும் நிரலை டிகோடர் என்பார்கள். ஓட்டை இருப்பது அதில்தான். அந்த டிகோடருக்கு உங்கள் கருவியில் எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியாது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தப் பிரதிகளைத் தேடுவதைப் பற்றியது.

தொடங்கும் முன்: எதற்குப் பயப்பட வேண்டும்?

படம், வீடியோ, பாட்டு என்ற பெயரில் வரும் ஆபத்துகள் இரண்டு வகை. ஒன்று, மேலே சொன்னது போல, உண்மையான மீடியா கோப்பு டிகோடரின் பிழையைப் பயன்படுத்துவது. இதை உருவாக்க நிறையத் திறமையும் பணமும் வேண்டும். புதிய ஓட்டை ஒன்று கையில் கிடைத்தவர் அதை ஊரெல்லாம் இறைக்க மாட்டார். பத்திரிகையாளர், செயற்பாட்டாளர், அரசியல்வாதி என்று குறிபார்த்துத்தான் செலவிடுவார். 2025 ஆகஸ்டில் ஆப்பிள் தன் படம் திறக்கும் நிரலில் ஓர் ஓட்டையை அடைத்தது. வாட்ஸ்அப்பில் இருந்த இன்னொரு பிழையோடு சேர்த்து அது பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று சொன்ன வாட்ஸ்அப் நிறுவனம், எச்சரிக்கை அனுப்பியது 200-க்கும் குறைவான பயனர்களுக்குத்தான்.

இரண்டாவது வகை, படம் போல வேடமிட்டு வரும் நிரல். இதற்குப் பெரிய திறமை தேவையில்லை; ஏமாறுபவர் ஒருவர் போதும். சாதாரணப் பயனரின் வாசலுக்கு வருவது பெரும்பாலும் இந்த வகைதான்.

இவை போக, வெறும் வதந்தியும் உண்டு. ‘மார்ட்டினெல்லி’ என்ற வீடியோ வரப்போகிறது, திறந்தால் போன் போய்விடும் என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியொரு வீடியோவே இல்லை. அதை அக்கறையோடு பத்துப் பேருக்கு அனுப்புகிறவர், தன் போனை அப்டேட் செய்து எத்தனை மாதமாயிற்று என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் புண்ணியம். படத்துக்குள் நிரலை ஒளித்துவைக்கும் உத்தியும் இப்படித்தான் பெரிதுபடுத்தப்படுகிறது. ஒளித்துவைத்த நிரல் தானாக ஓடாது. அதை எடுத்து ஓட்ட ஏற்கெனவே உள்ளே நுழைந்த வேறொரு தீநிரல் வேண்டும், அல்லது டிகோடரில் ஓட்டை வேண்டும்.

படி 1: வேடத்தைக் கலையுங்கள்

விண்டோஸில் கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எக்ஸ்டென்ஷன் வழக்கமாக மறைந்தே இருக்கும். ‘விழா.ஜேபிஜி.இஎக்ஸ்இ’ என்ற நிரல் ‘விழா.ஜேபிஜி’ என்று மட்டும் தெரியும். அதற்குப் படத்தின் ஐகானையும் மாட்டிவிட்டால் வேடம் முழுமை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் எக்ஸ்டென்ஷனைக் காட்டும் தேர்வை இயக்கிவிடுங்கள். மேக்கில் ஃபைண்டரின் அமைப்புகளில், மேம்பட்டவை பகுதியில் இதே தேர்வு இருக்கிறது. அரை நிமிட வேலை. ஏன் இதைத் தொடக்கத்திலேயே இயக்கித் தருவதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எக்ஸ்டென்ஷனைப் பார்த்தாலும் முழு நம்பிக்கை வேண்டாம். எழுத்துகளின் திசையை வலமிருந்து இடமாக மாற்றும் கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் குறி ஒன்று உண்டு. அதைப் பெயரின் நடுவில் செருகினால், கடைசியில் இருக்கும் ‘இஎக்ஸ்இ’ நடுவே போய், ‘ஜேபிஜி’ கடைசியில் வந்து நிற்பது போலத் தோன்றும். ஆகவே கோப்பு எக்ஸ்ப்ளோரரில் ‘வகை’ என்ற பத்தியையும் பாருங்கள். பெயர் எப்படி வளைந்தாலும் அங்கே ‘அப்ளிகேஷன்’ என்று எழுதியிருந்தால் அது படமல்ல.

சந்தேகம் தீரவில்லையா? கோப்பை இருமுறை சொடுக்காமல், நோட்பேட் போன்ற வெறும் எழுத்துத் திருத்தியைத் திறந்து, அதற்குள்ளிருந்து இந்தக் கோப்பைத் திறங்கள். திரை முழுக்கக் குப்பையாகத் தெரியும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், முதல் சில எழுத்துகளை மட்டும் பாருங்கள். பிஎன்ஜி படமானால் தொடக்கத்திலேயே அந்த மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஜிஃப் கோப்பு ‘ஜிஐஎஃப்87ஏ’ அல்லது ‘ஜிஐஎஃப்89ஏ’ என்று தொடங்கும். ஜேபெக்கில் முதல் வரியிலேயே பெரும்பாலும் ‘ஜேஎஃப்ஐஎஃப்’ அல்லது ‘எக்ஸிஃப்’ என்ற சொல் தெரியும். ‘எம்இசட்’ என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கினால் அது விண்டோஸ் நிரல்; அழித்துவிடுங்கள். ‘பிகே’ என்று தொடங்கினால் ஜிப் வகை. ஆண்ட்ராய்டு செயலிகளின் ஏபிகே கோப்பும் அந்த வகைதான். லினக்ஸிலும் மேக்கிலும் ‘ஃபைல்’ என்ற கட்டளை இந்த வேலையை உங்களுக்காகச் செய்யும்.

போனில் இந்த வசதி இல்லை. அங்கே ஒரே விதி: வீடியோ பார்க்க எதையும் நிறுவக் கூடாது. 2024-இல் ஈசெட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் டெலிகிராமின் ஆண்ட்ராய்டு செயலியில் ஒரு பிழையைக் கண்டார்கள். ஏபிகே கோப்பு ஒன்று உரையாடலில் வீடியோ போலவே தெரிந்தது. தொட்டால், ‘இதை இயக்க முடியவில்லை, வேறு பிளேயரில் திறக்கவா’ என்ற கேள்வி வரும்; சம்மதித்தால் அந்த ‘பிளேயரை’ நிறுவ அனுமதி கேட்கும். 10.14.5 பதிப்பில் அது அடைக்கப்பட்டது. கணினியில் ‘இந்த வீடியோவுக்குக் கோடெக் தேவை’ என்று வரும் அறிவிப்பும் இதே குடும்பம்தான். ஒரு வடிவத்தைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் நிரலே கோடெக். விஎல்சி என்ற இலவச பிளேயரில் ஓடாத கோப்பு அந்தக் கோடெக்கைப் போட்டால் ஓடிவிடும் என்று நம்பாதீர்கள்.

விண்டோஸுக்கான வாட்ஸ்அப்பிலும் 2025 ஏப்ரலில் இப்படியொரு பிழை வெளியே வந்தது. இணைப்பைக் காட்டும்போது ஒரு தகவலையும் திறக்கும்போது வேறொரு தகவலையும் அது நம்பியதால், படமாகத் தெரிந்தது நிரலாக ஓட வாய்ப்பிருந்தது. எனவே உரையாடலுக்குள்ளேயே கோப்பைத் தட்டித் திறக்காமல், முதலில் சேமித்து, வகையைப் பார்த்துத் திறப்பது நல்லது.

படி 2: டிகோடர்களைத் தேடிப் புதுப்பியுங்கள்

எக்ஸ்டென்ஷன் எல்லாம் சரியாக இருந்தும் கோப்பே நஞ்சாக இருந்தால் உங்களைக் காப்பது புதுப்பிப்பு மட்டுமே. ‘சிஸ்டத்தை அப்டேட் செய்துவிட்டேன்’ என்பதோடு இந்த வேலை முடிவதில்லை.

2023 செப்டம்பரில், கூகுள் உருவாக்கிய ‘வெப்பி’ வடிவப் படங்களைத் திறக்கும் நிரல்தொகுப்பில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கூகுளுக்குத் தெரிவித்தவர்கள் ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப்பும். படத்தைச் சுருக்கப் பயன்படும் ஹஃப்மன் அட்டவணைக்கு டிகோடர் ஒதுக்கிய இடம் போதாமல் போகும்படி ஒரு கோப்பைத் தயாரிக்க முடிந்தது. குரோம் சில நாள்களில் அடைத்தது; ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும் அடைத்தன. பிறகுதான் பட்டியல் நீண்டது. இணைய உலாவியின் உள்கட்டமைப்பைத் தனக்குள் பொதிந்து வரும் டெஸ்க்டாப் செயலிகள், அரட்டைச் செயலி முதல் குறிப்பேடு வரை, ஒவ்வொன்றும் அதே நிரல்தொகுப்பின் சொந்தப் பிரதியோடு உட்கார்ந்திருந்தன. ஒன்றைப் புதுப்பித்தால் மற்றொன்று புதுப்பிக்கப்படாது. ஆகவே வரிசையாகப் போங்கள்.

உலாவி: உதவி மெனுவில் ‘குரோமைப் பற்றி’ போன்ற பக்கத்தைத் திறந்தால் புதுப்பிப்பு தானே இறங்கும். இறங்கினால் மட்டும் போதாது, உலாவியை மூடித் திறந்தால்தான் புதிய பதிப்பு ஓடும். நாற்பது தாவல்களைத் திறந்துவைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மூடாமல் இருப்பவர்கள் பழைய ஓட்டையோடுதான் உலவுகிறார்கள்.

விண்டோஸ்: ஹெச்இஐஎஃப், ஹெச்இவிசி, வெப்பி போன்ற வடிவங்களுக்கான நீட்சிகள் விண்டோஸ் அப்டேட் வழியாக அல்லாமல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கப்படுகின்றன. 2020 ஜூன் கடைசியில் கோடெக் தொகுப்பில் இருந்த இரண்டு ஓட்டைகளுக்குத் திருத்தம் ஸ்டோர் வழியாகவே வந்தது. ஸ்டோரை முடக்கிவைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்டோரைத் திறந்து பதிவிறக்கங்கள் பகுதியில் (பழைய பதிப்பானால் நூலகப் பகுதியில்) புதுப்பிப்புகளைத் தேடச் சொல்லுங்கள்.

பிளேயர்கள்: எப்போதோ நிறுவி மறந்துபோன பிளேயர், படம் பார்க்கும் செயலி, கோடெக் தொகுப்பு எல்லாவற்றையும் நீக்குங்கள். வைத்திருப்பது ஒன்றோ இரண்டோ போதும். நீக்கிய மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டிய கவலை இல்லை. சப்டைட்டிலும் ஒரு கோப்புதான் என்பதை மறக்க வேண்டாம்: 2017-இல் செக் பாயின்ட் ஆய்வாளர்கள் சப்டைட்டில் கோப்பை மட்டும் வைத்து விஎல்சி, ‘கோடி’ உள்ளிட்ட நான்கு பிளேயர்களில் கணினியைக் கைப்பற்ற முடியும் என்று காட்டினார்கள். பல பிளேயர்கள் சப்டைட்டிலை இணையத்திலிருந்து தாமாகவே இறக்கிக்கொள்கின்றன என்பதால் பயனர் எதையும் தொட வேண்டியதே இல்லை.

ஆண்ட்ராய்டு: அமைப்புகளில் போனைப் பற்றிய பகுதியில் ‘பாதுகாப்பு அப்டேட்’ என்று ஒரு தேதி இருக்கும். மாதாமாதம் இப்படித் திருத்தம் வெளியிடும் வழக்கமே ஒரு மீடியா ஓட்டையால் வந்ததுதான். 2015-இல் ஜோஷுவா டிரேக் என்ற ஆய்வாளர் ஆண்ட்ராய்டின் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற மீடியா நிரல்தொகுப்பில் ஓட்டைகளைக் கண்டார். எம்எம்எஸ் வழியாக ஒரு வீடியோவை அனுப்பினால் போதும். போனின் உரிமையாளர் அதைத் திறக்கக்கூட வேண்டாம். சுமார் 95 கோடி கருவிகள் பாதிக்கப்படக்கூடும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். அதன் பிறகே கூகுள் மாதாந்தர அறிக்கையைத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு 10 முதல் மீடியா கோடெக்குகளைக் கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் வழியாகவும் புதுப்பிக்கிறார்கள். இதற்கென்று தனித் தேதி அதே பகுதியில் இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

கூகுள் திருத்தினால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. போன் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்த டிகோடர்களையும் சேர்க்கிறார்கள். 2025 செப்டம்பரில் சாம்சங் அடைத்த ஓர் ஓட்டை அதன் போன்களில் மட்டும் வரும் படம் திறக்கும் நிரலில் இருந்தது. தாக்குதலில் அது பயன்படுத்தப்படுவதும் அப்போதே தெரிந்திருந்தது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போன் ஒன்று நன்றாக ஓடினாலும், முன்பின் தெரியாதவர்கள் கோப்பு அனுப்பக்கூடிய எண்ணை அதில் வைத்திருக்காதீர்கள் என்பது என் ஆலோசனை.

படி 3: தானாகத் திறப்பதை நிறுத்துங்கள்

ஒரு படம் உங்கள் கண்ணில் படும் முன்பே கருவி அதைப் பலமுறை திறந்திருக்கும். அறிவிப்பில் காட்டும் சிறுபடத்துக்காக ஒருமுறை, கேலரியில் அடுக்குவதற்காக ஒருமுறை, தேடலுக்காக ஒருமுறை. ‘நான் திறக்கவே இல்லையே’ என்ற வாதம் இதனால்தான் செல்லாது.

வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பகமும் தரவும் என்ற பகுதியில் மீடியாவைத் தானாகப் பதிவிறக்கும் தேர்வுகள் இருக்கும். மொபைல் தரவு, வைஃபை, ரோமிங் மூன்றிலும் எல்லாவற்றையும் நீக்குங்கள். வந்த மீடியா கேலரியில் தெரியும் தேர்வையும் நிறுத்துங்கள். டெலிகிராமிலும் தரவுப் பகுதியில் இதே தேர்வுகள் உண்டு. எஸ்எம்எஸ் செயலியில் எம்எம்எஸ் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள். கணினியில் எக்ஸ்ப்ளோரரின் முன்னோட்டப் பலகத்தை மூடுங்கள். மின்னஞ்சலில் தொலைவிலுள்ள படங்களைத் தானாகக் காட்ட வேண்டாம் என்று வையுங்கள். சேமிப்பிடமும் மிச்சமாகும் என்பது உபரி லாபம்.

படி 4: சந்தேகக் கோப்பை எங்கே திறப்பது?

திறந்தே ஆக வேண்டிய கோப்பு என்றால், வேலை நடக்கும் கணினியில் வேண்டாம். உலாவித் தாவலில் திறப்பது பழைய தனிப் பிளேயரில் திறப்பதைவிடப் பாதுகாப்பு. புதுப்பித்த உலாவி, டிகோடரை ஒரு சாண்ட்பாக்ஸுக்குள், அதாவது கணினியின் மற்ற பகுதிகளைத் தொட முடியாத தடுப்புக்குள், பூட்டி ஓட்டுகிறது. டிகோடர் கைப்பற்றப்பட்டாலும், கோப்புகளைத் தொட அந்தப் பூட்டையும் உடைக்க இன்னோர் ஓட்டை வேண்டும். ஆண்ட்ராய்டும் ஸ்டேஜ்ஃபிரைட்டிலிருந்து பாடம் கற்று, 7-ஆம் பதிப்பில் மீடியா வேலையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான அனுமதியை மட்டும் கொடுத்தது. கணினியில் மெய்நிகர் இயந்திரம் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இணையத்தைத் துண்டித்து அதற்குள் திறக்கலாம்.

கோப்பைப் பல வைரஸ் எதிர்ப்பு நிரல்களால் சோதித்துச் சொல்லும் வைரஸ் டோட்டல் போன்ற தளத்தில் ஏற்றிச் சோதிப்பவர்கள் இரண்டு விஷயங்களை நினைவில் கொள்ளுங்கள். அங்கே ஏற்றிய கோப்பைப் பிற ஆய்வாளர்களும் பார்க்கலாம். குடும்பப் படத்தையோ அலுவலகக் காணொளியையோ ஏற்றாதீர்கள். பச்சை விளக்கு எரிந்தாலும் அது தெரிந்த தாக்குதல்களைப் பற்றிய பதில் மட்டுமே.

படி 5: நீங்கள் குறிவைக்கப்படக்கூடியவர் என்றால்

செய்தியாளர், வழக்கறிஞர், மனித உரிமைப் பணியாளர் ஆகியோருக்கு மேலே சொன்னவை போதாது. 2021-இல் என்எஸ்ஓ குழுமத்தின் பெகாசஸ் உளவுநிரலை ஐபோனில் இறக்கப் பயன்பட்ட கோப்பு ‘ஜிஃப்’ என்ற எக்ஸ்டென்ஷனோடு வந்தது. உள்ளே இருந்ததோ பிடிஎஃப். அதற்குள் ஜேபிக்2 என்ற பழைய பட வடிவம். ஃபேக்ஸ், ஸ்கேனர் காலத்தில் கறுப்பு வெள்ளைப் பக்கங்களைச் சுருக்க உருவானது அது. அந்த வடிவத்தின் 70,000-க்கும் மேற்பட்ட கட்டளைகளைக் கோத்து, டிகோடருக்குள்ளேயே ஒரு சிறிய கணினியைத் தாக்குபவர்கள் கட்டியிருந்தார்கள் என்று கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு பிரித்துக் காட்டியது. படித்தபோது கோபத்தை மீறி வியப்பு வந்தது. பெற்றவர் எதையும் தொடாமலே இது நடந்தது.

யாரும் சீந்தாத இப்படிப்பட்ட பழைய வடிவங்களை அடைத்துவைப்பதுதான் இங்கே வழி. ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் ‘லாக்டவுன் மோட்’ இருக்கிறது. அது குறுஞ்செய்தியில் வரும் பெரும்பாலான இணைப்பு வகைகளைத் தடுத்துவிடும். சில வசதிகள் போகும். ஆண்ட்ராய்டு 16-இல் ‘அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷன்’ என்ற முறை வந்திருக்கிறது. சில வசதிகள் போகிறதே என்று தயங்குபவருக்கு அநேகமாக இவை தேவைப்படாது. தேவைப்படுபவர் தயங்க மாட்டார்.

இணையதளம் நடத்துபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பயனர் ஏற்றும் படத்தைச் சிறிதாக்க உங்கள் சர்வரில் ஓடும் இமேஜ்மேஜிக், எஃப்எஃப்எம்பெக் போன்றவையும் டிகோடர்கள்தான். 2016-இல் இமேஜ்மேஜிக்கில் வெளிப்பட்ட ஓட்டை, படமென்று ஏற்றிய கோப்புக்குள் எழுதிய கட்டளையைச் சர்வரிலேயே ஓட வைத்தது. தேவையான நான்கைந்து வடிவங்களைத் தவிர மற்றவற்றை அதன் கொள்கைக் கோப்பில் முடக்குங்கள். கோப்பின் முதல் பைட்டுகளைச் சரிபாருங்கள். மாற்றும் வேலையை அனுமதி குறைந்த தனிப் பயனர் கணக்கில் ஓட்டுங்கள். எஸ்விஜி படத்துக்குள் ஸ்கிரிப்ட் ஓடும் என்பதால், அதை ஏற்க அவசியம் இல்லையென்றால் ஏற்காதீர்கள்.

படி 6: திறந்துவிட்டீர்கள், ஏதோ சரியில்லை

ஒரு படத்தைத் திறந்ததும் செயலி நின்றுபோவது பெரும்பாலும் சேதமடைந்த கோப்பின் விளைவு. தோற்ற தாக்குதலும் அப்படியே தெரியும் என்பதால் மறுபடி மறுபடி திறந்து பார்க்காதீர்கள். ‘உனக்குத் திறக்கிறதா பார்’ என்று நண்பருக்கு அனுப்புவது அதைவிட மோசம்.

இணையத்தைத் துண்டியுங்கள். கணினியில் படம் என்று நம்பி நிரலை ஓட்டிவிட்டீர்கள் என்றால், வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றி, திறந்திருக்கும் எல்லா உள்நுழைவுகளையும் வெளியேற்றுங்கள். பிறகு கணினியைச் சோதியுங்கள், சந்தேகம் நீடித்தால் மறுநிறுவல். போனில் நிறுவிய செயலி என்றால் அதற்குக் கொடுத்த அணுகல்தன்மை அனுமதியையும் நிர்வாகி அனுமதியையும் முதலில் பறித்துவிட்டு நீக்குங்கள். நீக்க விடாவிட்டால் தொழிற்சாலை மீட்டமைப்பு செய்யுங்கள். மீட்டமைத்த பிறகு முதல் வேலை அப்டேட், அடுத்ததுதான் பழைய படங்களைத் திரும்பக் கொண்டுவருவது. வரிசை மாறினால், பேக்கப்பில் தங்கியிருக்கும் அதே கோப்பை அதே பழைய டிகோடர் இன்னொருமுறை திறக்கும்.

குறிவைக்கப்பட்டிருக்கலாம் என்று நினைப்பவர் மட்டும் எதையும் அழிக்கக் கூடாது. கோப்பு, வந்த நேரம், அனுப்பிய எண் எல்லாம் சான்று. போனை அப்படியே வைத்துவிட்டு, வேறு போனிலிருந்து பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரைத் தொடர்புகொள்ள வேண்டும்.